முன்குறியில் ஒரு மினுக்கம்

மார்ச் 1, ஞாயிறு

இன்றும் ஐந்து குண்டுகள் மேலே போய்விட்டன. ஒன்றிரண்டு என்றால் மூச்சு தப்பியது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஐந்து. எல்லாம் கருப்பு வட்டத்துக்கு நேர் மேலே, யாரோ கையைப் பிடித்துத் தூக்கிவிட்டதுபோல.

காரணம் எனக்குத் தெரியும். முன்குறி மினுக்குகிறது. நாங்கள் சுடுவது தொலைநோக்கி எதுவும் இல்லாத வெறும் இரும்புக் குறி. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம், குழாய் முனையில் ஒரு இரும்புத் துண்டு, அவ்வளவுதான். துண்டின் தலை பள்ளத்தின் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். தலையில் வெயில் பட்டு மினுக்கினால் அது அட்டையின் வெள்ளையோடு கலந்துவிடும். கண் என்ன செய்யும், பாவம்? மிச்சமிருக்கிற கருப்பைத்தான் தலை என்று நினைத்து அதை ஏற்றும். குழாய் ஏறும். குண்டும் ஏறும்.

அதற்குத்தான் மெழுகுவத்தி. சுடரின் நுனியில் முன்குறியைக் காட்டினால் கரி பிடிக்கும். கரி வெளிச்சத்தை விழுங்கிவிடும். பதினோரு வருடமாகச் செய்கிறேன். நேற்று மாலையும் செய்தேன். பின் ஏன் மினுக்குகிறது?

இந்த வருடம் எங்கள் ரைஃபிள் கிளப்பிலிருந்து ஒரே ஒரு பெண்ணைத்தான் போட்டிக்கு அனுப்புவார்களாம். செயலாளர் பலகையில் ஒட்டியிருக்கிறார். இத்தனை வருடமும் இரண்டு இடம் - ஒன்று எனக்கு, ஒன்று தபாலுக்கு. அவள் தபால் நிலையக் கவுண்டரில் உட்காருகிறவள். கிளப்பில் எல்லோருக்கும் அவள் தபால்தான்.

அறிவிப்பைப் படித்துவிட்டு, "பரவால்ல, யாராவது ஒருத்தி போவோம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மார்ச் 3, செவ்வாய்

லேபில் ஒரு பல் திரும்பி வந்தது. மேல்வரிசை முன்பல், பீங்கான். பக்கத்துப் பல்லைவிட வெள்ளையாக இருக்கிறது என்று பல் டாக்டர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். பதினெட்டு வருடமாகப் பல் செய்கிறேன். நிற அட்டையைப் பார்க்காமலேயே நிறம் சொல்வேன் என்று முதலாளியே வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வார். பீங்கான் பொடி டப்பாக்களை யாரோ இடம் மாற்றி வைத்திருக்க வேண்டும். என் மேஜைக்கு அடுத்த மேஜை, மெழுகில் பல் வடிவம் செதுக்கும் மெழுகுக்காரருடையது. கேட்டேன். "நான் எதுக்கும்மா உன் டப்பாவைத் தொடுறேன்" என்றார். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் கேள்வி கேட்கிறார்.

மார்ச் 8, ஞாயிறு

முதல் தேர்வு. நாற்பது குண்டு, நானூறுக்கு 351. தபால் 368.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பின்னால் மறந்துவிடும்.

தேர்வு நாளில் சுடும் இடத்தில் நெருப்புப் பற்ற வைக்கக் கூடாது. அதனால் சனிக்கிழமை மாலையே கரி பிடித்து, ரைஃபிளைக் கிளப் ஸ்டோரில் ஒப்படைத்துவிடுவோம். நேற்று அப்படித்தான் செய்தேன். இன்று காலை கையில் வாங்கிப் பார்த்தால் முன்குறி மொட்டையாக இருக்கிறது. கரி இல்லை. துளிகூட இல்லை. விரலை வைத்து முகர்ந்தேன். எண்ணெய் வாசனை.

ஸ்டோர் சாவி இருப்பது ஸ்டோர் அண்ணனிடம். சனிக்கிழமை மாலைகளில் பதிவேடு சரிபார்க்க அவருக்குக் கூடமாட உதவி செய்கிறவள் யார்? தபால்.

அடுத்த பாயில் படுத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை விரலில் கருப்பு. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "முத்திரை மை. சோப்பு போட்டாலும் போக மாட்டேங்குது" என்றாள்.

நான் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு ஏன் பதில்?

மார்ச் 9, திங்கள்

முத்திரை மை ஊதாவா கருப்பா? வீட்டில் இருந்த பழைய உறைகளை எடுத்துப் பார்த்தேன். கருப்புதான். அதனால் எதுவும் நிரூபணம் ஆகிவிடாது.

மார்ச் 14, சனி

இன்று ஒரு வேலை செய்தேன். கரி பிடித்து முடித்ததும் குண்டூசியால் முன்குறியின் அடியில், கரியின் மேல், மயிரிழை போல ஒரு கோடு போட்டேன். துடைத்தால் கோடு போய்விடும். ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்காரர், இவரிடம்கூட. இவர் ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலை செய்கிறவர், வாயும் கேன்டீன் வாய். காலையில் உள்ளே போனால் மதியத்துக்குள் ஊரெல்லாம் பரிமாறிவிடும்.

மார்ச் 15, ஞாயிறு

கோடு இருக்கிறது. போட்ட இடத்தில் போட்டபடியே இருக்கிறது.

ஆனால் வெயில் ஏறியதும் மினுக்கம். தலை முழுக்க வெள்ளை. சில நேரம் தலை மட்டுமில்லை, சுற்றிலும் ஒரு பால் போன்ற வெளிச்சம் படர்கிறது. இன்று வெறும் பயிற்சி, அதனால் தப்பித்தேன்.

பொறுக்க முடியாமல் இவரிடம் சொல்லிவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"கோடு அப்படியே இருக்குன்னா யாரும் தொடலைன்னுதானே அர்த்தம்?"

"அப்படித்தான் நான் நினைக்கணும்னு நினைக்கிறாங்க."

"யாரு?"

"துடைச்சிட்டு, லேசா கரி புடிச்சு, அதே இடத்துல கோட்டையும் போட்டு வெச்சிருக்காங்க."

கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "குண்டூசிக் கோட்டைக் கண்டுபிடிச்சு அதே மாதிரி திருப்பிப் போடுற அளவுக்குத் திறமை இருந்தா, அந்த அம்மா உன்னைத் தோக்கடிக்க இவ்வளவு கஷ்டப்படவே வேணாமே."

சிரிப்பு வரவில்லை. இவருக்கு எப்போதும் அவள் மேல் ஒரு மரியாதை. பார்சல் அனுப்பப் போனால் வரிசையில் நிற்க விடாமல் முதலில் கூப்பிடுகிறாளாம்.

மார்ச் 19, வியாழன்

வேலை முடிந்து வரும்போது ஸ்கூட்டரோடு விழப் பார்த்தேன். எதிரே வந்த கார் கண்ணில் அடிக்கிறமாதிரி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் வந்த பஸ்ஸும் அப்படியே. இப்போதெல்லாம் எல்லோருக்கும் விளக்கை ஏற்றிப் போட்டுத்தான் ஓட்டத் தெரிகிறது. எதிரில் ஒரு மனுஷி வருகிறாள் என்ற நினைப்பே கிடையாது. விளக்கு நகர்ந்த பிறகுதான் நடைபாதை விளிம்பே தெரிந்தது.

மார்ச் 22, ஞாயிறு

இரண்டாம் தேர்வு. நான் 344. அவள் 366.

இடைவேளையில் தண்ணீர்க் குழாய் பக்கம் வந்தாள். குரலைத் தாழ்த்தி, "நீ வலது கண்ணை மூடி மூடித் திறக்கிற. ரெண்டு மாசமா பார்க்கிறேன். எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டேன்" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"இல்லைன்னா நல்லதுதான். காட்டுறதுல என்ன குறைஞ்சிடப்போகுது?"

இன்னும் நூறு குண்டு சுட்டிருந்தாலும் எனக்கு இவ்வளவு புரிந்திருக்காது. இப்போது எல்லாம் தெளிவு. தேர்வின் நடுவில், பாதிக் குண்டு மிச்சம் இருக்கும்போது, ஒருத்தியிடம் போய் உன் கண் சரியில்லை என்று சொல்வது எதற்கு? அதற்குப் பிறகு அவள் சுடும் ஒவ்வொரு குண்டிலும் கண்ணைப் பற்றித்தான் யோசிப்பாள். அப்படித்தான் யோசித்தேன். கடைசிப் பத்தில் நான்கு மேலே.

ரெண்டு மாசமா பார்க்கிறாளாம். சுடும்போது அட்டையைப் பார்ப்பாளா, என் கண்ணைப் பார்ப்பாளா?

பதினோரு வருஷம். என் பொண்ணு கல்யாணத்துல பந்தியில நின்னு பரிமாறினவ.

மார்ச் 24, செவ்வாய்

செயலாளருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான்கு முறை கிழித்து ஐந்தாம் முறை எழுதியது. "என் ரைஃபிளின் முன்குறியில் பிடித்த கரி தேர்வுக்கு முந்தைய நாள் வேண்டுமென்றே துடைக்கப்பட்டது. ஸ்டோருக்குள் போகும் உரிமை இருந்த சக உறுப்பினர் மேல் எனக்கு நியாயமான சந்தேகம் உள்ளது." பெயரும் போட்டேன்.

செயலாளர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கண்ணாடியைக் கழற்றி இரண்டு தடவை படித்தார். "யோசிச்சுதான் குடுக்கிறீங்களா?" என்றார். யோசிக்காமலா ஐந்து தாள் கெடும்?

விசாரணைக்கு ஸ்டோர் அண்ணனையும் கூப்பிட வேண்டும் என்றார். வேண்டாம் என்றேன். அவரும் அவள் பக்கம்தான், சேர்ந்தே இருக்கிறார்கள், சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்வார். சரி என்று தலையாட்டினார்.

மார்ச் 28, சனி

செயலாளர் அறை. மூன்று நாற்காலி.

தபால் வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். கடிதத்தை வாங்கிப் படித்தாள். அவள் கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து அதற்கெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். படித்து முடித்து, மடிப்பு கலையாமல் மடித்து மேஜையில் வைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"நான் தொட்டதை நீங்க பார்த்தீங்களா?"

நீங்க. என்னை.

"பார்க்கலை. ஆனா..."

"அப்ப சரி" என்றாள். செயலாளரிடம், "விசாரணை முடியிற வரைக்கும் நான் சுடலை சார். ஸ்டோர் பக்கமும் வரலை" என்று சொல்லிவிட்டுத் தன் அலமாரிச் சாவியை வளையத்திலிருந்து கழற்றினாள். வளையம் இறுக்கம். நகம் போட்டு நெம்பிக் கழற்ற நேரம் ஆனது. நானும் செயலாளரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

குற்றம் இல்லாதவள் சண்டை போட மாட்டாளா?

மார்ச் 29, ஞாயிறு

கடைசித் தேர்வு. அவள் இல்லை. நான் 338. என் வாழ்க்கையிலேயே மட்டமான எண்.

இடம் எனக்கு. செயலாளர் பலகையில் என் பெயரை எழுதினார். ஒருவரும் கை கொடுக்கவில்லை.

அவள் ஸ்டோர் பக்கமே வரவில்லை. கரி நானே பிடித்தேன், காலையில் நானே பார்த்தேன், நல்ல கருப்பு. வெயில் வந்ததும் மினுக்கம். அப்படியானால் இன்று யார்? ஸ்டோர் அண்ணன்? அவளுக்காகச் செய்கிறாரா?

ஏப்ரல் 2, வியாழன்

மூன்றாவது பல்லும் திரும்பி வந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் என் மேஜைக்கு வந்தார். நான் பொடி டப்பா விஷயத்தைச் சொன்னேன். மெழுகுக்காரரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. எழுந்து வந்து, திரும்பி வந்த பல்லையும் நிற அட்டையையும் எடுத்து ஜன்னல் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார். "இது ரெண்டும் ஒரே நிறமா சொல்லும்மா."

"ஒரே நிறம்தான்."

முதலாளியும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நொடிதான். பிறகு முதலாளி, "நாலு நாள் லீவு எடுத்துக்கோ, ரொம்ப களைப்பா தெரியிற" என்றார்.

என்னை வெளியே அனுப்பத் திட்டம். இரண்டு பேரும் சேர்ந்துதான். அந்தப் பார்வை போதாதா?

ஏப்ரல் 5, ஞாயிறு

பயிற்சி. வெயில் தலைக்கு நேராக. முன்குறி வெளிச்சத்தில் கரைந்துபோய்விட்டது. ரைஃபிளைக் காலி செய்துவிட்டு ஸ்டோர் அண்ணனிடம் கொண்டுபோனேன். "பாருங்க. இப்பவாவது பாருங்க. எப்படி மினுக்குதுன்னு."

வெயிலில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அட்டக்கருப்பா இருக்கேம்மா."

பொய் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டு என் பாய்க்கு வந்து படுத்தேன். காற்று. வலது கண்ணில் மணல் விழுந்துவிட்டது. கசக்கிக்கொண்டே, கண்ணை மூடியபடி, ரைஃபிள் சரியாக இருக்கிறதா என்று இடது கண்ணால் பார்த்தேன்.

கருப்பு.

முன்குறி கருப்பாக, கூராக, நான்கு மூலையும் வெட்டினதுபோல நின்றது. ஒரு மினுக்கம் இல்லை. வலது கண்ணைத் திறந்தேன். வெளிச்சம். மூடினேன். கருப்பு. திறந்தேன்.

எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. பக்கத்துப் பாய் காலியாக இருந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 8, புதன்

கண் டாக்டர் வயதில் என்னைவிடச் சின்னவர். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"வலது கண்ணுல புரை."

"எனக்கு நாற்பத்து நாலுதான் டாக்டர்."

"லென்ஸோட பின்பக்கத்துல, நடு மத்தியில இருக்கு. வெயில்ல கண்மணி சுருங்கும் இல்லையா, அப்ப அந்த நடு வழியா மட்டும்தான் பார்ப்பீங்க. அங்கதான் மங்கல். அதனால வெளிச்சத்துல கூசும், எதிர்ல வண்டி வந்தா கூசும். நிறமும் கொஞ்சம் பிசகும். நிழல்ல எந்தக் குறையும் தெரியாது."

நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன், வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி.

"கண்ணுக்கு எதாவது சொட்டு மருந்து போடுறீங்களா? ரொம்ப நாளா?"

போடுகிறேன். லேபில் பல் தேய்க்கிற தூசு. தேய்க்கும் சக்கரம் வலது பக்கம், அதனால் வலது கண்தான் அரிக்கும். மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள், சொர்க்கம் மாதிரி இருந்தது. மூன்று வருடமாக அதையே கேட்டு வாங்கிப் போடுகிறேன்.

குப்பியை வாங்கிப் படித்துவிட்டு அவர் தன் மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். திருப்பித் தரவில்லை. "இதுல ஸ்டீராய்டு இருக்கு. இதை இவ்வளவு நாள் போட்டா புரை வர வாய்ப்பு அதிகம். அறுவை சிகிச்சை பண்ணிக்கலாம், பயப்பட ஒண்ணும் இல்ல."

பயமெல்லாம் அதற்கு இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

இதை எழுதியாக வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு நானே இல்லை என்று சாதிப்பேன்.

நேற்று டாக்டரைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் வரும்போது எனக்கு முதலில் வந்த நினைப்பு - இது யாருக்கும் தெரிய வேண்டாம். அறுவை சிகிச்சையைச் சத்தம் போடாமல் முடித்துக்கொள்ளலாம். போட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம். விசாரணை தானாக ஆறிப்போகும். தபால் என்ன ஆவாள் என்று இரண்டாவது நினைப்பாகத்தான் வந்தது.

மூன்றாவது நினைப்பு இன்னும் மோசம். மார்ச் எட்டாம் தேதி கரி நிஜமாகவே இல்லையே. எண்ணெய் வாசனை நிஜம்தானே. அன்றைக்கு மட்டும் அவள் செய்திருந்தால்? அந்த ஒரு நாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். எப்படிப்பட்டவள் நான்?

இவரிடம் சொன்னேன். புரை என்றதும் பதறினார். கடைசியில், "அந்த அம்மாகிட்ட எப்ப சொல்லப்போற?" என்று மட்டும் கேட்டார். சொல்வாயா என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 11, சனி

ஸ்டோர் அண்ணனிடம் மார்ச் ஏழாம் தேதி மாலையைப் பற்றிக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"அன்னிக்கு மழைம்மா. கூரை ஒழுகி ஸ்டோரெல்லாம் ஈரம். கரி ஈரத்தை இழுக்கும், விடிஞ்சா துரு புடிச்சிடும். உள்ள இருந்த அத்தனை துப்பாக்கியையும் எண்ணெய்த் துணி போட்டுத் துடைச்சேன்."

"அவளோடதையுமா?"

"எல்லாத்தையும்தான். அவங்க காலையில வந்து பார்த்தாங்க. மார்க்கர் இருக்கான்னு கேட்டு, கருப்பா தீட்டிக்கிட்டுப் போய்ட்டாங்க. நீங்க எதுவும் கேக்கலை. அதுக்கப்புறமும் யாரும் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கலை."

கூப்பிட வேண்டாம் என்றவள் நான்தான் என்று அவருக்குத் தெரியுமா? தெரிந்திருக்கும். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு கேள்வி. வாய் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவள் கேட்டிருக்கிறாள். நான் கேட்காமல் முகர்ந்து பார்த்தேன்.

செயலாளரிடம் போனேன். எல்லாம் சொன்னேன். பெருமூச்சு விட்டு, "புரிதல்ல ஒரு சின்னப் பிழைன்னு போட்டு முடிச்சிடலாம். உங்க பேரும் கெட வேண்டாம்" என்றார்.

"அவ பேரு கெட்டப்ப யாரும் சின்னதா போடலையே சார்."

தாளை என் பக்கம் தள்ளினார். நானே எழுதினேன். ஒரே தாளில் முடிந்தது.

ஏப்ரல் 13, திங்கள்

தபால் நிலையம். மூன்று கவுண்டர், அவளுடையது நடுவில். வீட்டுக்குப் போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை, அவள் கதவைச் சாத்தினால் சாத்தினதுதான். இங்கே சாத்த முடியாது. இதிலும் என் தந்திரத்தைப் பார்.

எனக்கு முன்னால் ஆறு பேர். அவள் என்னைப் பார்த்தாள். வேலை நிற்கவில்லை. முத்திரை விழும் சத்தம் அதே தாளத்தில் வந்துகொண்டிருந்தது. கட்டை விரல் கருப்பு.

என் முறை வந்தது.

"என்ன வேணும்?"

"என் கண்ணுல புரை. வலது கண்ணு. கரியெல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு. முதல் நாள் அண்ணன் மழைக்குத் துடைச்சது. நான் உன் மேல... எல்லாம் என் தப்பு. செயலாளர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். இடத்தையும் விட்டுட்டேன்."

மனப்பாடம் செய்து வைத்திருந்தது வேறு. வந்தது இதுதான். பின்னால் நின்றவர் இருமினார்.

அவள் என் வலது கண்ணைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை.

"அறுவை சிகிச்சை எப்போ?"

"அடுத்த மாசம்."

"சரி. பின்னாடி ஆள் நிக்கிறாங்க. நீங்க போங்க."

நீங்க.

ஏப்ரல் 19, ஞாயிறு

என் கடிதம் பலகையில் இருக்கிறது. "நான் கொடுத்த புகார் தவறானது. அதற்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை." படித்தவர்கள் என்னைப் பார்க்காமல் நகர்ந்தார்கள். ஒருவர் மட்டும் அருகில் வந்து, அவருடைய மாமியாருக்கும் புரைதான் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் மாமியாரைத் திட்டினார். அவர் வாழ்க.

தபால் தன் அலமாரிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாளாம். ஸ்டோர் அண்ணன் சொன்னார். நான் வருவதற்கு முன்பே பயிற்சி முடித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஏப்ரல் 22, புதன்

மெழுகுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எந்த டப்பா?" என்றார். நிஜமாகவே மறந்துவிட்டாரா, எனக்காக மறந்தாரா? இதையும் சந்தேகப்பட்டுக்கொண்டு வீடு வந்தேன். பழக்கம் சீக்கிரம் போகாது போலிருக்கிறது. கண் சரியாகும் வரை நிறம் பார்ப்பது அவர். நான் தேய்ப்பது மட்டும், அதுவும் முகமூடிக் கண்ணாடி போட்டுக்கொண்டு.

ஏப்ரல் 26, ஞாயிறு

போட்டி. போகவில்லை. போனால் அவள் கண்ணில் படுவேன், போகாவிட்டால் அக்கறை இல்லை என்றாகும். காலையிலிருந்து இரண்டு தடவை புடவை மாற்றி, கடைசியில் துணி துவைத்தேன்.

மாலையில் செயலாளர் போன் செய்தார். 371. மூன்றாம் இடம். அவளுடைய எண்களில் இதுதான் அதிகம். என்னுடையதிலும் 371 கிடையாது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறாமையும். இரண்டையும் எழுதிவிட்டேன்.

மே 6, புதன்

டாக்டர் இன்று ஒரு கேள்வி கேட்டார். உள்ளே வைக்கப்போகும் லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் நன்றாகத் தெளிவாக இருக்கும். மற்றதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். எந்தத் தூரம் வேண்டும்?

"எல்லாரும் டிவி தூரம் இல்லைன்னா பேப்பர் தூரம் கேப்பாங்க. நீங்க வீட்டுல யோசிச்சு சொல்லுங்க."

"என் கண்ணுலேருந்து முன்குறி வரைக்கும்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். சிரித்துவிட்டு, "அப்ப சென்டிமீட்டர்ல அளந்துட்டு வாங்க. உத்தேசமா வேணாம். நீங்க நிஜமா சுடுற மாதிரி படுத்து, தலை எங்க இருக்குமோ அங்கேருந்து" என்றார்.

வீட்டில் துடைப்பக் கட்டையை வைத்துக்கொண்டு தரையில் படுத்து முயன்று பார்த்தேன். இவர் டேப்பைப் பிடித்தார். எழுபது என்றார், பிறகு நூற்றுப் பத்து என்றார். துடைப்பத்தை வைத்து லென்ஸ் முடிவு செய்ய முடியாது.

மே 9, சனி

ஸ்டோர் அண்ணனிடம் கேட்கலாம் என்று தையல் டேப்போடு ரேஞ்சுக்குப் போனேன். பயிற்சி நேரம் முடிந்திருந்தது. அண்ணன் ரைஃபிளில் குண்டு இல்லை என்று காட்டிக் கையில் தந்துவிட்டு, கேட்டில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போய்விட்டார். நான் பாயில் படுத்து, துப்பாக்கி வாரைக் கையில் மாட்டி, கன்னத்தைக் கட்டையில் வைத்தேன். டேப் பக்கத்தில் கிடந்தது. கன்னத்தை எடுத்தால் அளவு தப்பிவிடும். எடுக்காவிட்டால் கை எட்டாது. சரி, அண்ணன் வரட்டும் என்று அப்படியே கிடந்தேன்.

காலடிச் சத்தம். அண்ணன் என்று நினைத்து, "இந்தக் கண்ணு ஓரத்துலேருந்து முன்குறி வரைக்கும் அளக்கணும் அண்ணே. டாக்டர் கேட்டிருக்காங்க" என்றேன்.

டேப்பை எடுக்கிற சத்தம் கேட்டது. யாரோ என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். டேப்பின் நுனி என் கண் ஓரத்தைத் தொட்டது. அதைப் பிடித்திருந்த விரலைப் பார்த்தேன்.

நகத்தோரம் முத்திரை மை.

"தலையை ஆட்டாதீங்க" என்றாள்.

டேப்பைக் குழாய் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பின்குறிப் பள்ளத்தின் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில், முன்குறிக்குப் பக்கத்தில், அவள் கட்டை விரல் வந்து நின்றது. டேப்பை அதன் மேல் அழுத்திப் பிடித்தாள்.

"தொண்ணூத்தி நாலு."

ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்து மறுபடி பார்த்தாள். "தொண்ணூத்தி நாலு. அரை கூட இருக்கலாம். இன்னொரு தடவை படு, சரியா பார்க்கலாம்."

எழுந்து மறுபடி படுத்தேன்.